‘லவ்லெஸ்’: கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள்

‘லவ்லெஸ்’ ஆல்பத்தைக் கேட்டவர்களிடம் அபிப்பிராயம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் வரும். “என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை, ஒரே இரைச்சல்” என்பார் ஒருவர். “தொண்ணூறுகளில் இதைவிட அழகான ராக் ஆல்பம் வரவில்லை” என்பார் அடுத்தவர். நடுவில் நிற்கிறவர்கள் குறைவு. 1991 நவம்பரில் வெளியான நாளிலிருந்து இன்றுவரை இந்த வழக்கு தீரவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: குறை சொல்கிறவரும் கொண்டாடுகிறவரும் ஒரே சங்கதியைத்தான் கேட்கிறார்கள். குரல் பின்னால் போய் நிற்பது இருவர் காதிலும் விழுகிறது. கிடாரின் சுருதி தள்ளாடுவதும் இருவருக்கும் தெரிகிறது. முதலாமவர் அதைக் கோளாறு என்கிறார். இரண்டாமவர் அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்தத் தள்ளாட்டம் எங்கிருந்து வருகிறது, குரலை அங்கே கொண்டுபோய் வைத்தது யார், எதற்கு என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நம் அபிப்பிராயத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. நிதானமாகப் பேசலாம்.

குழுவின் பெயர் மை பிளடி வேலன்டைன். 1983-இல் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் தொடங்கி, பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள். இந்த ஆல்பத்தின் காலத்தில் நான்கு பேர்: கெவின் ஷீல்ட்ஸ் கிடார், குரல், பிலிண்டா புட்சர் குரல், கிடார், டெபி கூஜ் பேஸ் கிடார், கோல்ம் ஓ கீசோக் டிரம்ஸ். இசைத்தட்டை வெளியிட்டது ஆலன் மெகீ நடத்திய ‘க்ரியேஷன் ரெக்கார்ட்ஸ்’. பெரிய நிறுவனங்களை அண்டாமல் சொந்தக் காலில் நின்ற இப்படிப்பட்ட சின்ன கம்பெனிகளிலிருந்து வந்த இசையைத்தான் இண்டி என்றார்கள். அந்தக் காலத்தில் ரைட், ஸ்லோடைவ், லஷ் என்று இதே போக்கில் பல குழுக்கள் இருந்தன. மேடையில் குனிந்து, காலடியில் கிடக்கும் பெடல்களைப் பார்த்தபடியே வாசித்ததால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இவர்களை ஷூகேஸ் (காலணியையே பார்ப்பது) என்று அழைத்தன. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த ஆல்பம் ‘லவ்லெஸ்’.

பதிவு 1989 பிப்ரவரியில் தொடங்கியது. 1991 செப்டம்பரில்தான் முடிந்தது. இதற்காக மாறிய ஸ்டூடியோக்கள் 19 என்று சொல்வது வழக்கம். ஷீல்ட்ஸுக்குத் தன் மனதில் கேட்ட ஒலி எந்த அறையில் கிடைக்கும் என்று தேடுவதிலேயே மாதங்கள் போயின. ஆல்பத்தின் உறையில் ஒலிப் பொறியாளர்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் உண்மையாகவே வேலை செய்தவர்கள் ஆலன் மோல்டரும் பிற்பாடு வந்த அஞ்சலி தத்தும்தான், மற்றவர்கள் அந்தந்த ஸ்டூடியோவோடு சேர்ந்து வந்தவர்கள், டீ போட்டுக் கொடுத்தவர்களுக்கும் பெயர் போட்டோம் என்று ஷீல்ட்ஸ் பின்னாளில் விளக்கினார். கிடார்களும் பேஸும் ஏறக்குறைய முழுக்க அவர் கையால் வாசித்தவை. டெபி கூஜின் பெயர் உறையில் இருக்கிறது, ஆனால் அவர் இந்தப் பதிவில் வாசிக்கவில்லை.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். முதல் தடவை கேட்கிறவர்களில் நிறையப் பேர் சொல்வது: “கேசட் இழுத்துப்போச்சா?” இசைத்தட்டாக இருந்தால் தட்டு வளைந்திருக்கிறதோ என்ற சந்தேகம். இது மிகச் சரியான காது. சுருதி உண்மையாகவே ஆடுகிறது. அது டேப்பில் நடந்த விபத்து இல்லை, கிடார்க்காரரின் கையில் நடப்பது.

ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் போன்ற கிடார்களில் தந்திகள் முடியும் இடத்தை ஒட்டி ஓர் உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். மற்ற கிடார்க்காரர்கள் ஒரு ஸ்வரத்தை வாசித்து நிறுத்திவிட்டு, அதன் வாலில் ஓர் அலங்காரமாக இந்தக் கம்பியை ஆட்டுவார்கள். ஷீல்ட்ஸ் கம்பியைக் கைக்குள் பிடித்துக்கொண்டே தந்திகளை மீட்டினார். ஒவ்வொரு மீட்டலிலும் கை மேலும் கீழும் போகும்போது கம்பியும் கொஞ்சம் போய்வரும். எனவே ஒரு கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரங்கள்) அதன் சரியான சுருதியில் ஒருபோதும் நிலைத்து நிற்பதில்லை. அதை நோக்கி ஏறிக்கொண்டோ, அதிலிருந்து இறங்கிக்கொண்டோ இருக்கிறது.

வீணையில் கமகம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்வரத்தை அதன் இடத்தில் அப்படியே நிறுத்தாமல் இழுத்து அசைப்பதை நாம் பிழை என்று கேட்பதில்லை. அந்த அசைவில்தான் ராகமே இருக்கிறது என்கிறோம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீணைக்குப் பக்கத்தில் தம்பூரா அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை வைத்து எவ்வளவு தூரம் அசைந்தது, எங்கே வந்து சேர்ந்தது என்று காது கணக்குப் போட்டுக்கொள்ளும். ‘லவ்லெஸ்’ஸில் ஒரு கார்டின் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே அசைகின்றன. நிலையாக நிற்பவை பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். அவையோ பின்னால் ஒதுங்கியிருக்கின்றன. அளக்க எதுவும் கைக்கு அகப்படாதபோது காது முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகிக்கும். இரண்டாம், மூன்றாம் முறை கேட்கையில், அசைவு பாட்டின் தாளத்தோடு சேர்ந்து வருகிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும். கோளாறான இயந்திரம் தாளம் பார்த்து ஆடாது. இது பிடிபட்ட கணத்தில்தான் பலர் கட்சி மாறுகிறார்கள்.

“நூற்றுக்கணக்கான கிடார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள்” என்பது விரும்பிக் கேட்கிறவர்களும் அடிக்கடி சொல்லும் அபிப்பிராயம். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சாதாரணக் குழுக்களின் மாதிரிப் பதிவுகளில் இருப்பதைவிடவும் தன் கிடார் தடங்கள் குறைவு என்று ஷீல்ட்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். பிறகு எப்படி இவ்வளவு அடர்த்தி? இதில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, டிஸ்டார்ஷன். ஆம்ப்ளிஃபயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தட்டையான அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் மடங்குகளான மேல் ஸ்வரங்களும் கூட்டமாக வந்து சேரும். ஒரே ஒரு தந்தியில் இது நடந்தால் ஒலி தடிக்கும், அவ்வளவுதான். ஆறு தந்திகளில் ஒரே சமயத்தில் நடந்தால் ஒவ்வொன்றும் மற்றதோடு மோதி, யாரும் வாசிக்காத புதிய ஸ்வரங்களும் பிறக்கும். இதற்கு மேல் சுருதியும் ஆடினால் அந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து நகரும். ‘டு ஹியர் நோஸ் வென்’ பாட்டைக் கேட்டுவிட்டு, பின்னணியில் புல்லாங்குழல் மாதிரி, வயலின் மாதிரி ஏதோ கேட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்கத்தான் கேட்கும். கிடாரிலிருந்து பிறந்த ஒலியே வேறு வாத்தியமாகக் காதில் விழக்கூடிய அளவுக்கு அங்கே பொருள் இருக்கிறது. கிடார் ஃபீட்பேக்கை, ஒலித் துண்டுகளைச் சேமித்து வாசிக்கும் சாம்ப்ளரில் ஏற்றி கீபோர்டில் வாசித்த இடங்களும் ஆல்பத்தில் உண்டு.

இன்னொன்று, தலைகீழ் ரெவெர்ப். சாதாரண ரெவெர்பில், பெரிய மண்டபத்தில் கைதட்டியதுபோல முதலில் அடி கேட்கும், பிறகு எதிரொலி தேய்ந்து அடங்கும். யமஹா எஸ்பிஎக்ஸ்90, அலெசிஸ் மிடிவெர்ப் போன்ற எண்பதுகளின் டிஜிட்டல் கருவிகளில் இதைத் திருப்பிப்போடும் ஒரு வசதி இருந்தது: ஒலி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வீங்கி எழுந்து, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். கிடாரைக் கிடார் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது, பிளெக்ட்ரம் தந்தியில் படும் அந்த ‘டங்’. அது மறைந்துபோனால் காது திகைக்கிறது. “இது என்ன வாத்தியம்?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது எல்லோரும் சண்டை போடும் இடத்துக்கு வருவோம்: குரல். வரியைப் பிடித்தால்தான் பாட்டைப் பிடித்த மாதிரி என்று வளர்ந்த காதுகளுக்கு இந்த ஆல்பம் செய்வது பெரிய அநியாயம்தான். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் இதே கதி என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆல்பத்தோடு பாடல் வரிகளை அச்சிட்டும் தரவில்லை. ஒரே வரியை நான்கு பேர் நான்கு விதமாக எழுதிக்கொள்கிறார்கள்.

காதின் வேலை தெரிந்தால் இதில் மர்மம் கொஞ்சம் குறையும். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்களில் உரத்து ஒலிக்கும். க, ச, ட, த போன்ற வல்லொலிகளும் உரசொலிகளும் மெலிதானவை. அவற்றை அடையாளம் காட்டும் சங்கதி பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. சொல்லைப் பிரித்துக் காட்டுபவை இந்த மெய்யொலிகள்தான். டிஸ்டார்ஷன் ஏறிய கிடார் கொட்டிக் குவிக்கும் மேல் ஸ்வரங்களும் இதே வட்டாரத்தில்தான் வந்து விழுகின்றன. ஒரு வட்டாரத்தில் பலத்த ஒலி ஒன்று இருந்தால், அதே வட்டாரத்தின் மெல்லிய ஒலியைக் காது எடுத்துக்கொள்ளாது. ஆக, குரலில் மெய்யெழுத்துகள் மறைந்து உயிரெழுத்துகள் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன. ஆ, ஊ, ஓ என்று நீளும் ஒரு ராகம் நமக்குக் கிடைக்கிறது, சொல் கிடைப்பதில்லை. மற்றக் குழுக்கள் குரலை உயர்த்தி வைத்து, அந்த வட்டாரத்தில் கிடாரைத் தணித்து வழி விடுவார்கள். ஷீல்ட்ஸ் வழி விடவில்லை.

வழி விடாதது அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடல் வரிகளுக்காக இவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. பதிவுக்கு முந்தைய இரவுகளில் எட்டு மணி, பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுதினார்கள். வரிகள் மட்டமாக இருந்துவிடக் கூடாது என்பதில் புட்சரும் ஷீல்ட்ஸும் பிடிவாதமாக இருந்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு வரிகள் புட்சருடையவை. ஷீல்ட்ஸ் மெட்டைப் பிடித்து, பாதி சொல்லும் பாதி முனகலுமாகப் பாடிவைத்த டேப்பைக் கேட்டு, புட்சர் தன் காதில் என்ன சொல்லாகப் பட்டதோ அதை எழுதிக்கொண்டதும் உண்டு. அதாவது இந்த ஆல்பத்தில் வார்த்தைகளை முதன்முதலில் ஊகித்தவர் அவற்றைப் பாடியவரே. வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கிற நாம் அவர் செய்த வேலையைத்தான் தொடர்கிறோம். எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்தமானது. சரியான வரி எது என்று தெரியாமல் தவிக்கிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

புட்சரின் குரலில் இருக்கும் அந்தத் தூக்கக் கலக்கமும் நிஜமானது. அவர் கண்ணயர்ந்திருக்கும்போது எழுப்பிப் பாடவைத்தார்கள். முழுதாக விழிக்காத தொண்டையில் இருந்து வந்த குரல்தான் பதிவில் இருக்கிறது. 1991-இல் குரல் பதிவுக்காக அஞ்சலி தத்தை வரவழைத்தபோது, பாடும் அறைக்கும் பொறியாளர் அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடியைத் துணி போட்டு மறைத்துவிட்டார்கள். பாடுவதை அவர் காதில் கேட்கவும் விடவில்லை. டேப் இயந்திரத்தின் முள் அசைகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் அவர் பதிவை ஓட்டினார். முள் நின்றால் பாட்டு நின்றது. டேப்பைத் திருப்பி முதலிலிருந்து வைக்க வேண்டும். குரலைப் பதிவு செய்தவருக்கே குரல் கேட்காத ஆல்பம் இது. “எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை” என்று வருத்தப்படுகிறவர் தன்னைக் குறைத்துக்கொள்ள அவசியமே இல்லை.

‘வென் யூ ஸ்லீப்’ பாட்டில் நடந்ததும் கேட்க வேண்டிய கதை. பத்துக்கும் மேற்பட்ட முறை ஷீல்ட்ஸ் அதைப் பாடினார். எது நன்றாக வந்தது என்று தேர்ந்தெடுப்பதில் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். ஒரே ஆள் பல முறை பாடியதைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் மெய்யெழுத்து ஒரு நூலளவு முன்பின்னாக விழும். உயிரெழுத்து மட்டும் ஒன்றோடொன்று பொருந்தும். குரலுக்கு ஓரங்கள் இல்லாமல் போவது அதனால்தான். பாடுவது ஆணா பெண்ணா என்று கேட்பவர்கள் இந்தப் பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பிறகு ஏன் ஒரு கூட்டம் இதைக் காதலிக்கிறது? குரல் தணிந்திருப்பதால் கேட்பவர் அதை நோக்கி நகர வேண்டியிருக்கிறது. மற்ற ராக் பாட்டுகளில் பாடகர் நம்மைத் தேடி வந்து சொல்கிறார். இங்கே நாம் தேடிப் போகிறோம். போனவர்களுக்குக் கிடைப்பது எளிமையான, மிக இனிமையான ஒரு மெட்டு. ‘லவ்லெஸ்’ஸின் மெட்டுகளைத் தனியாக முணுமுணுத்துப் பாருங்கள், அறுபதுகளின் பாப் பாட்டுகள்போல அவ்வளவு நேரானவை. அவ்வளவு மென்மையான மெட்டை அவ்வளவு முரட்டுக் கிடாரின் நடுவில் வைத்ததில்தான் இந்த ஆல்பத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். குரலை உயர்த்தி, கிடாரைத் தணித்து, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி இதை மறுபடி மிக்ஸ் செய்தால் நல்ல பாட்டுகள் பதினொன்று கிடைக்கும். ஆனால் அந்தப் பதினொன்றையும் முப்பது ஆண்டுகள் கழித்து யாரும் விவாதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது” என்ற குறையில் பாதி நியாயம் இருக்கிறது. ‘கம் இன் அலோன்’, ‘வாட் யூ வான்ட்’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், பழகின காதும் ஒரு நொடி தயங்கும். ஆனால் ‘சம்டைம்ஸ்’ பாட்டைப் பாருங்கள்: டிரம்ஸ் கிடையாது, கரகரக்கும் கிடாருக்கு அடியில் ஒரு சாதாரண அக்குஸ்டிக் கிடார், அதன்மேல் ஷீல்ட்ஸின் குரல். ‘டச்ட்’ ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாத சின்ன இசைத் துண்டு. டிரம்ஸ்காரர் ஓ கீசோக் அமைத்தது. கடைசிப் பாட்டான ‘சூன்’ நடன அரங்குக்கு உரிய தாளத்தில் ஓடுகிறது. அது 1990-இலேயே ‘கிளைடர்’ என்ற சிறு தட்டில் வந்தபோது, இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ அதைப் பாப் இசைக்கான புதிய அளவுகோல் என்று பாராட்டினார். டிஜே ஆண்ட்ரூ வெதரால் அதை நடன அரங்குகளுக்காக மறு மிக்ஸ் செய்தார். வேற்றுமைகள் இருக்கின்றன; ஒலியின் நிறம் ஒன்றாக இருப்பதால் அவை மெதுவாகத்தான் வெளிப்படுகின்றன.

டிரம்ஸ் சப்பென்று இருக்கிறது என்கிறவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஒன்லி ஷாலோ’ டிரம் அடியோடு பாய்ந்து தொடங்குவதைக் கேட்டுவிட்டு, மிச்சமும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பதிவுக் காலத்தில் ஓ கீசோக்கின் உடல்நிலை மோசமாக இருந்தது. எனவே அவரால் வாசிக்க முடிந்த சில அடிகளை சாம்ப்ளரில் ஏற்றி, அவற்றைக் கோத்துத்தான் பெரும்பாலான பாட்டுகளின் தாளத்தை அமைத்தார்கள். உயிருள்ள டிரம்ஸில் அடிக்கு அடி மாறும் அழுத்தம் இதில் இல்லை. இந்த ஒரு இடத்தில் ‘லவ்லெஸ்’ இழந்தது இழந்ததுதான். 1988-இல் வந்த ‘இஸின்ட் எனிதிங்’ ஆல்பத்தின் டிரம்ஸைக் கேட்டால் எவ்வளவு இழப்பு என்பது விளங்கும்.

அடுத்தது சத்த அளவு. “மெதுவாகக் கேட்டால் கொசு ரீங்காரம், சத்தமாகக் கேட்டால் சொர்க்கம்” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் மிகைப்படுத்தல் இல்லை. ஒலி தணியத் தணிய, தாழ்ந்த ஸ்வரங்களைக் காது வெகு வேகமாகக் கைவிட்டுவிடும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய உண்மை இது. கிடாரின் நடு, மேல் ஸ்வரங்களே நிறைந்த ‘லவ்லெஸ்’ஸைத் தணித்து வைத்தால் பேஸ் காணாமல் போய், கூர்மை மட்டும் மிஞ்சும். கொஞ்சம் ஏற்றினால் அடிப்பகுதி எழுந்து வந்து கிடார்களைத் தாங்கும். ஆகவே பிடித்தவர், பிடிக்காதவர் இருவரிடமும் நான் முதலில் கேட்பது எதில், எவ்வளவு சத்தத்தில் கேட்டீர்கள் என்பதுதான். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பு இந்த ஆல்பத்தின் பாதியைப் பற்றியதுதான்.

ஏற்றச் சொல்கிறேனே தவிர, காதைக் கொடுக்கச் சொல்லவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்று கணக்கிடுகிறார்கள். ஷீல்ட்ஸுக்கே காதில் ஓயாத இரைச்சல் தங்கிவிட்டது. குழு 2008-இல் மீண்டும் மேடையேறியபோது வாசலில் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள். ‘யூ மேட் மீ ரியலைஸ்’ பாட்டின் நடுவில் ஒரே ஒலித் திரளைப் பத்து, இருபது நிமிடங்கள் உச்சச் சத்தத்தில் நிறுத்துவது அவர்கள் வழக்கம். அங்கே காதடைப்பான் இல்லாமல் நிற்பதில் எந்த வீரமும் இல்லை. கேட்கும் சக்தி போனால் திரும்பாது. நல்ல ஹெட்போனில், நடுத்தரச் சத்தத்தில், அமைதியான அறையில் இந்த ஆல்பம் தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடும்.

வெளியான காலத்து அபிப்பிராயங்களுக்கும் இன்றைக்கும் உள்ள தூரமும் பேச வேண்டியது. பிரிட்டனின் மெலடி மேக்கர், என்எம்இ ஆகிய வார இதழ்கள் இரண்டும் நன்றாகவே பாராட்டின. ஆனால் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 24-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அமெரிக்கப் பட்டியலில் எட்டிப்பார்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்து உலகத்தைப் புரட்டிப்போட்டிருந்தது. அதுவும் சத்தமான கிடார்தான், ஆனால் அங்கே குரல் முன்னால் நின்று கத்தியது. செலவு இரண்டரை லட்சம் பவுண்டு, கம்பெனியே திவாலாகும் நிலை என்ற பேச்சு பரவியது. ஷீல்ட்ஸ் அந்தத் தொகையை மறுத்தார்; செலவானதில் பெரும்பகுதி அத்தனை காலம் நாலு பேர் சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழ்ந்ததற்கானது என்றார். எப்படியோ, மெகீ குழுவைக் கைகழுவினார். 1993-இல் அவர் ஒயாசிஸ் குழுவைக் கண்டெடுத்துச் சேர்த்துக்கொண்டது தனிக்கதை.

பிற்பாடு ஆல்பத்தின் மதிப்பு ஏறியது. பிட்ச்ஃபோர்க் இசை இணையதளம் 1999-இல் தொண்ணூறுகளின் ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது ‘லவ்லெஸ்’ முதலிடம். 2003-இல் திருத்திய பட்டியலில் ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ அதைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஐந்நூறு ஆல்பங்களில் 2003-இல் 219-ஆக இருந்தது, 2020-இல் 73-ஆனது. தட்டில் ஒரு ஒலியும் மாறவில்லை. மாறியது கேட்கும் காதுகள். ஆலன் மோல்டர் அடுத்துப் போய் மிக்ஸ் செய்த ஆல்பங்களில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘சயமீஸ் டிரீம்’ ஒன்று. அது லட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்த அடர்த்தியான கிடாரைக் கொண்டுபோனது. 2003-இல் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ படத்தில், இரவு டோக்கியோவில் கார் ஓடும் காட்சியில் ‘சம்டைம்ஸ்’ ஒலித்தது. பாட்டைத் தெரியாதவர்கள்கூட அங்கே அதைக் குறை சொல்லவில்லை, ஏனென்றால் சினிமாவில் பின்னணி இசையிடம் யாரும் வார்த்தை எதிர்பார்ப்பதில்லை. அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் கேட்ட முதல் தடவையே பலருக்கு இந்தப் பாட்டு பிடித்துவிட்டது என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய சான்று.

பட்டியலில் ஏறிவிட்டதால் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுறவு இல்லை. “உனக்குப் புரியவில்லை” என்று சொல்லி வாயை அடைப்பது இந்த ஆல்பத்தின் ரசிகர்களிடம் அதிகமாகவே இருக்கிறது, அது வருத்தமான விஷயம். வரிகள் கேட்க வேண்டும், டிரம்ஸ் நெஞ்சில் அடிக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அவருக்கு இது பொருந்தாது. அவர் கேட்டது தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், தட்டில் உள்ள வரிசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ‘சம்டைம்ஸ்’ஸில் தொடங்குங்கள். அதில் குரல் மற்றப் பாட்டுகளைவிட நெருக்கம், டிரம்ஸின் தொந்தரவும் கிடையாது. பிறகு ‘வென் யூ ஸ்லீப்’. அதில் பாட்டு நின்று, வெறும் கிடார் மெட்டு வரும் இடங்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், குரல் தானாகப் பின்னால் வந்து சேரும். மூன்றாவதாக ‘சூன்’. இந்த மூன்றும் பழகிய பிறகு, முதலிலிருந்து கடைசிவரை நாற்பத்தெட்டு நிமிடமும் ஒரே மூச்சில். ‘டு ஹியர் நோஸ் வென்’ எல்லாவற்றிலும் கடினமானது, எனக்கு எல்லாவற்றிலும் அழகானதும் அதுதான். அதை அவசரப்பட்டு முதலில் போட்டு ஏமாற வேண்டாம்.

அதற்கப்புறமும் பிடிக்கவில்லையென்றால், “இரைச்சல்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் கை நிறுத்தப் போயிற்று என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டீ குடிக்கும்போது அந்த இடத்திலிருந்தே பேசுவோம்.